ஸ்பீக்கரில் போடு

குட்டியானையில் வந்து இறங்கியது மாடு.
கச்சனத்திலிருந்து குடவாசல் வரைக்கும்
நின்றபடியே வந்திருக்கிறது.
கன்றுக்குட்டி முன் சீட்டில், தியாகேசனின் மடியில்.
அவர் வேட்டி முழுக்க ஈரம்,
முகம் முழுக்கச் சிரிப்பு.

முப்பத்தெட்டாயிரம்.
இருபத்தைந்து குழுக் கடன்.
மிச்சம் என் காதில் இருந்தது.
இப்போது அங்கே வேப்பங்குச்சி.

தரகர் சுழி பார்த்துச் சொன்னார், ராசியான மாடு.
பல் பார்த்துச் சொன்னார், இரண்டாம் ஈத்து.
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை சொன்னார்.
உதைக்குமா என்று கேட்டதற்கு மட்டும்
வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.

கொட்டகைக்குத் தகரம் கஜா கொடுத்தது.
எந்த ஊரிலிருந்து பறந்து வந்ததோ,
இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை.

லட்சுமி என்று பெயர் வைத்தோம்.
தெருவில் ஏற்கெனவே மூன்று லட்சுமிகள்.
கூப்பிட்டால் மூன்றும் திரும்பின.
இது திரும்பவில்லை.

கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி
காம்பில் விளக்கெண்ணெய் தடவி
யூடியூபில் ஒருவர் காட்டியபடி
கட்டைவிரலை மடக்காமல் பீய்ச்சினேன்.
சொம்படியில் ஒரு விரற்கடை.
அப்புறம் உதை.

மேட்டூர்த் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகாத வாய்க்கால்.
என் சொம்பு அதில் மிதந்து போய்
ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது.
தியாகேசன் இடுப்பளவில் இறங்கிப் போனார்,
ஏதோ பிள்ளையைத் தூக்கப் போகிறவர் மாதிரி.

மூன்று ராத்திரி
தெற்கே பார்த்து நின்றது. படுக்கவில்லை.
உளுந்தம்பொட்டை முகர்ந்தது, விட்டுவிட்டது.
காலையில் கவிநிலா பாக்கெட் பால் வாங்கப் போனாள்.
கடைக்காரர் எதுவும் சொல்லவில்லையாம்.
சில்லறையைக் கொஞ்சம் மெதுவாக எண்ணினாராம்.

தரகரிடம் நம்பர் வாங்கி
விற்ற வீட்டுக்குப் போன் போட்டேன்.
எடுத்தது அஞ்சுகம். திருப்பூரிலிருந்து.
பின்னால் தையல் மெஷின்கள்.
நான் வாய் திறக்குமுன் கேட்டாள்,
"பால் எறக்க மாட்டேங்குதா?"

"அவ பேரு லட்சுமி இல்லக்கா.
ஸ்பீக்கர்ல போடு. காதுகிட்ட வையி."

*மருதாயீ...*

ஈ மொய்க்கும் காது இரண்டும்
போனைப் பார்த்துத் திரும்பின.
*என்னாடி, தின்னியா?
புள்ளைய நக்குனியா?
அக்காவ ஒதச்சியாமே?*
கைக்குள் காம்பு கனத்தது.
முதலில் பித்தளையில் விழும் சத்தம்,
பிறகு நுரைக்குள் விழும் சத்தம்.

அவள் நிறுத்தவில்லை.
எட்டுப் பேருக்கு ஒரு ரூம் என்றாள்.
தண்ணீர் உப்பு என்றாள்.
ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் பாதி நிற்கிறது,
அவருக்கு மறுபடி கால் வீங்குகிறது என்றாள்.
எனக்குச் சொல்லவில்லை.
மாட்டுக்குச் சொன்னாள்.
நான் தலை குனிந்து பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டரை லிட்டர்.
காய்ச்சி, ஆற்றி, முதல் டம்ளரை நீட்டினால்
கவிநிலா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.
"மாட்டு வாசம் அடிக்குதும்மா."
பாக்கெட்டே வேண்டுமாம்.

பதினேழு நாள் ஆயிற்று.
இப்போது என் குரலுக்கே இறக்குகிறது,
கடைசி எழுத்தை அவளைப்போல இழுத்தால்.
போன் தேவையில்லை.

ஆனாலும் ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு அவளே அடிக்கிறாள்.
"எறக்குதா?"
"எறக்குது."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்பதில்லை, வைப்பதுமில்லை.

கன்று கட்டும் முளையில்
போனைச் சாய்த்து வைத்துவிட்டு
நான் தவிடு கரைக்கப் போகிறேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
இந்தப் பக்கம் அசைபோடும் சத்தம்.

நேற்று வந்து எடுத்துப் பார்த்தபோது
பதினோரு நிமிஷம்
நாற்பது விநாடி
ஓடிக்கொண்டிருந்தது.