மமா

எங்கள் மொழியில் மமா என்றால் அப்பா.
அம்மாவுக்குச் சொல் வேறு: தெதா.
குத்தாயிசியில் இதை யாருக்கும்
விளக்க வேண்டி வந்ததில்லை.

பெட்டிக்கு இருபது கிலோ.
மீன்காரரின் கொக்கித் தராசை இரவல் வாங்கி
நெஸ்தான் தூக்கிப் பிடிக்க, நான் முள்ளைப் படித்தேன்.
தேன் போத்தல் வெளியே வந்தது. என் நல்ல காலணி வந்தது.
வால்நட் கோத்த சுர்ச்கேலா ஆறு சரம், நான்காயிற்று.
தெக்லே கேட்டது ஒன்றுதான்:
வாசல்மணியின் பித்தானைக் கழற்றித் தா.
மணி இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்?
கழற்றினேன். முள் அசையவில்லை.

அவளுக்கு வயது மூன்றே முக்கால்.
வெளிநாடு என்பது விமானம்தான் என்று நினைத்திருந்தாள்.
ஏறியதும் தலைகளை எண்ணி
"இத்தனை பேரோடா இருக்கப்போகிறோம்?" என்றாள்,
பொம்மைக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.
இறங்கச் சொன்னபோது அழுகை:
"இப்போதுதானே வந்தோம்."

ஊரின் பெயர் எழுத்தில் லோட்ஸ், வாயில் வூட்ச்.
படகு என்று பொருளாம்.
மிதக்க ஓர் ஆறு வேண்டுமே என்றால்
இருந்ததையெல்லாம் ஆலைக் காலத்திலேயே
தெருவுக்கடியில் மூடிவிட்டார்களாம்.
டெப்போவில் ஸ்வாவெக் சொன்னான், பாதி சைகையில்.
அன்றிலிருந்து தெக்லே
ஒவ்வொரு சாக்கடை மூடியிலும் குனிந்து காது வைக்கிறாள்.

நான் பேருந்து ஓட்டுகிறேன்.
நிறுத்தங்களின் பெயரை ஒரு பெண்குரல்
எனக்காகச் சொல்லிவிடுகிறது.

மழலைப் பள்ளியின் முதல் வாரம்.
பகல் பதினொன்றுக்கு பிஸ்கட் ஆலைக்கு அழைப்பு.
நெஸ்தான் கையுறையோடு பேசினாள்.
மமா, மமா என்று அழுகிறாள், வாருங்கள்.
மேஸ்திரியிடம் கெஞ்சி, இரண்டு டிராம் மாறி,
மூச்சிரைக்கக் கதவைத் திறந்தவளை
தெக்லே ஒருமுறை பார்த்தாள்.
பிறகு
அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

நான்கு நாள் இப்படியே. நான்கு அரைநாள் கூலி.
வியாழன் இரவு உருளைக்கிழங்கு உரித்தபடி
நிமிராமலே சொன்னாள்:
"அவள் கூப்பிட்டது உன்னை."

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பதினொன்றுக்கு நான் சந்தைத் திருப்பத்தில் இருந்திருப்பேன்,
பள்ளிக்கு இரண்டே தெரு தள்ளி.
சக்கர நாற்காலிக்காரர் ஒருவருக்காக
வண்டியைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு,
அவசரமே இல்லாமல்.

ஆசிரியை போஜெனாவிடம் போனேன்.
காகிதத்தில் மீசையோடு ஓர் உருவம் வரைந்து
மமா என்று எழுதினேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ஆனால் அதற்குள் மற்ற பிள்ளைகள்
அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.
பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், பனிச்சேறு,
பள்ளி வாசலில் நெஸ்தானைப் பார்த்து மமா என்றாள்.
நெஸ்தான் திரும்பவில்லை. நான் திரும்பினேன்.
இருவருமே தப்பு என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பள்ளிக்குள் நான் தத்தா, அவர்கள் வழக்கப்படி.
தெருவைத் தாண்டினால் மமா.
டிராம் தண்டவாளத்தின் நடுவில் நான் யாரென்று
அவளுக்கும் நிச்சயமில்லை.
நெஸ்தான் தங்கையிடம் போனில் சொல்கிறாள்:
"எனக்கொரு பெயர் கிடைத்திருக்கிறது.
புதிது இல்லை. அவர் போட்டுக் கழற்றியது."

நேற்றிரவு இரண்டரைக்குக் குரல் வந்தது: மமா.
எந்த மொழியில் என்று கேட்கவில்லை.
இருவரும் எழுந்தோம்,
இருட்டில் நிலையருகே நெற்றிகள் இடித்துக்கொண்டன.
அவளுக்கு ஒரு காலுறை கழன்றிருந்தது, அவ்வளவுதான்.
போர்வைக்குள் ஆளுக்கொரு பக்கம் துழாவினோம்.
என் கைக்கு அகப்பட்டது
வாசல்மணியின் பித்தான்,
உடம்புச் சூட்டோடு.
சும்மா அழுத்திப் பார்த்தேன்.

"யாரது?" என்றாள் தெக்லே, தூக்கத்தில்.

காலுறை காலையில்தான் கிடைத்தது.