ஊர் வாய்

இரவு எட்டு இருபதுக்கு ரெனே ஸ்கோக்லண்ட் அழைத்தாள்.
"பதினேழாம் நோடில் ஒரு முள்.
தொண்ணூற்றாறு மெகாஹெர்ட்ஸ். அசையாமல் நிற்கிறது."

டுலூத். பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
ஏரியிலிருந்து மேடேறும் தெருக்களில்
கேபிள்கள் குளிரில் சுருங்கி
கனெக்டர் பிடியிலிருந்து
ஒரு மயிரிழை பின்வாங்கும் மாதம்.

போன வருடம் வரை
வீடுகள் எங்களுக்குத் திருப்பி அனுப்பும் பாதை குறுகல்;
நாற்பத்திரண்டில் வேலி.
அதற்கு வெகு மேலே
வானொலி தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.
இலையுதிர் காலத்தில் வேலியைப் பிடுங்கி
இருநூற்று நாலில் நட்டோம்.
வேகம் வேகம் என்றன விளம்பரத் தட்டிகள்.
வேலியைத் தள்ளி நட்டவனுக்கு
உள்ளே வந்த மரம் மட்டுமா சொந்தம்?
அதில் கத்தும் காகமும்தான்.

கீழே போகையில் எங்கள் ஆறு
நூற்றெண்பது வீட்டுக்கும் பிரியும்.
மேலே வருகையில்
நூற்றெண்பது வீட்டுச் சாக்கடையும் ஒரே மதகில்.
எவர் வீட்டு மிக்ஸி, எவர் வீட்டு வெல்டிங்,
எந்த அணில் கடித்த உறை
எல்லாம் ஒரே இரைச்சல், முகவரி கிடையாது.
உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதாம்.
அதை மூடத்தான் எனக்குச் சம்பளம்,
பதினாறில் ஏழு அங்குல ஸ்பேனர் ஒன்றும்.

முதல் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்தேன்.
இடது கிளையைத் துண்டித்தேன். முள் அப்படியே.
வலது கிளை.
"போச்சு," என்றாள் ரெனே.
அந்த ஒரு நொடியில்
தெரு முழுக்க யார் யாரோ
பாதி வாக்கியத்தில் உறைந்திருப்பார்கள்.
மன்னிக்கவும். திரும்பச் செருகிவிட்டேன்.

மூன்றாம் கம்பத்தில்
மீட்டரை ஒலிக்கு மாற்றிக் காதில் மாட்டினேன்.
வேலைக்கு இது தேவையில்லை.
மூன்றாம் பீரியட், ஆறு நிமிடம் பாக்கி,
பலகையில் மோதும் மட்டை,
இரண்டுக்கு இரண்டு, கூட்டத்தின் நீண்ட ஓ.
என் பழுது எனக்கே
ஹாக்கி வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
இங்கே சுவருக்கு வாய்.

நீலக் கதவு. டுவேன் போட்ரி.
கையில் பாதி தீட்டிய ஸ்கேட்டோடே திறந்தார்.
கீழ்த்தளத்தில், உத்தரத்தில்,
நாடா முடிந்து ஜோடி ஜோடியாய்த் தொங்கும் பிள்ளைகளின் ஸ்கேட்கள்;
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, சனிக்கிழமை காலை என்று.
சாணைக்கல் பக்கத்தில் ரேடியோ.
ரேடியோவிலிருந்து ஒரு செம்புக் கம்பி
நேரே எங்கள் சுவர்த் துளைக்குள்.

"பூமிக்கடியில் ஒன்றும் கேட்காது,
இதில் சொருகினேன், கேட்டது" என்றார்,
தண்ணீர்க் குழாயைக் காட்டுகிறவர் போல.
அவருக்குக் கேட்ட வழியே
எங்களுக்கும் கேட்டது என்று
நான் சொல்லியிருக்கலாம்.
கம்பியை உருவினேன். துளைக்கு மூடி திருகினேன்.
ஆட்டம் உஸ்ஸென்று அணைந்தது.

"சுத்தம். தளம் தரையோடு தரை," என்றாள் ரெனே.
டுவேன் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரலால் கூர் பார்த்துக்கொண்டே நின்றார்,
பார்த்த இடத்தையே திரும்பவும்.

வண்டிக்குப் போனேன்.
கழிவுக் கேபிளில் ஒரு துண்டு நறுக்கி
உறையும் நுரையும் சீவி
இரண்டரை அடி நடுக்கம்பி, அந்த அலைக்குக் கால் பங்கு,
பனி பாதி மறைத்த சன்னல் சட்டத்தில்
டேப் போட்டு ஒட்டினேன்.
முன்பைவிடக் கரகரப்புதான். ஆனால் ஆட்டம்.
கூடுதல் நேரம் தொடங்கியிருந்தது.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை;
'இதர' என்று எழுதினேன்.

மலைச்சரிவில் இறங்கும்போது மறுபடி ரெனே.
"இருபத்திரண்டாம் நோடு. ஒரு முள்."
"தொண்ணூற்றாறா?"
"அதேதான்."
அப்படியானால்
இன்னும் யாரும் கோல் போடவில்லையா என்று பார்க்க
காதுக்கருவியைத் தேடி எடுத்தேன்.