மூன்றா எட்டா

தேங்காய்த்திட்டில், பாய்மரச் சங்கத்தின் மாடியறையில்
ஸ்கேனரின் வெளிச்சம் இடமிருந்து வலம் போய்த் திரும்புகிறது.
ஏழு டிரங்குப் பெட்டிகள்.
பந்தயப் பதிவேடுகள், சந்தா ரசீதுகள்,
பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், முழுக்கப் பாச்சை உருண்டை.
தானே புயலில் நனைந்து ஒட்டிய தாள்களை
ஆறிய பாலில் ஏடு எடுப்பதுபோல் எடுக்கிறேன்.
பக்கத்துக்கு நாலு ரூபாய்.
கிழிந்த பக்கத்துக்கும் அதே நாலு.

எனக்கு நீச்சல் தெரியாது.
சுண்ணாம்பாற்றுச் சுற்றுலாப் படகில் ஒரே ஒருமுறை,
அதுவும் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல்.
ஆனால் இப்போது என்னைக் கேளுங்கள்:
எந்த வருஷம் யாருடைய பாய் கிழிந்தது,
எந்த மார்ச்சில் காற்றே இல்லாமல்
ஒன்பது படகுகள் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில்
பொழுது சாயும்வரை நின்றன,
யார் யாருக்குக் கயிற்றுப் பாக்கி.

கோப்பு எண் 0417.
1971 பிப்ரவரி, ஞாயிறு.
பவளக்கொடி, செலுத்தியவர் தட்சணாமூர்த்தி, 1.45.
லா மூவெத், செலுத்தியவர் குளோவிஸ், 1.4
அதற்கு அடுத்த இலக்கத்தின் மேல்
ஒரு சொட்டு.
கடலா, வியர்வையா, பன்னீர் சோடாவா, தெரியாது.
மூன்றென்றால் குளோவிஸ் வென்றார்.
எட்டென்றால் தோற்றார்.
எழுதிய முடியப்பன் எழுபத்தாறிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுத்தறியும் மென்பொருள் அதை ஆங்கில 'பி' என்றது.

வென்றவர் என்ற கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் சேமிக்க முடியாது.
செயலாளரைக் கேட்டேன்.
"அந்தத் தாள் அகப்படாமல் போயிருக்கக்கூடாதா?" என்றார்.
ஐம்பது வருஷத்துக்கு மேலாக
கடற்கரைச் சாலையில் ஒருவர் வடக்கே நடந்தால்
மற்றவர் தெற்கே நடக்கிறார்களாம்.
காந்தி சிலையருகே வரும்போது
இருவருக்கும் செருப்பு வார் அவிழ்ந்துவிடுமாம்.

எப்படியோ தெரிந்து, இருவருமே வந்தார்கள்.
ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே பத்தரை மணி.
திரையைப் பெரிதாக்கச் சொன்னார் ஒருவர்.
இன்னும், என்றார் மற்றவர்.
இன்னும்.
இலக்கம் மை ஆனது, மை பழுப்புக் கட்டங்கள் ஆனது,
கடைசியில் திரை முழுக்க
ஈர மணல்.

"அன்னைக்கு வாடை" என்றார் குளோவிஸ், திரையிடம்.
"வாடையா? கொண்டல்டா அது" என்றார் தட்சணாமூர்த்தி.
அந்த 'டா' அறைக்குள் வந்து
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றது.
செயலாளர் டீ சொல்ல ஓடினார்.
வாடையாயிருந்தால் மிதவைக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று
மேசை விரிப்பில் விரலால் கோடு இழுத்தார் ஒருவர்.
அதன் குறுக்கே மற்றவர்.
என் பிஸ்கட் ஒரு படகானது.
ஸ்டேப்ளர் இன்னொன்று.
மூன்றையும் எட்டையும் பற்றி
யாரும் பேசவில்லை.

உங்கள் அமர்வு முடிந்துவிட்டது என்றது கணினி.
மறுபடி உள்ளே போய்
காற்று என்ற கட்டத்தில் வாடை, கொண்டல் இரண்டையும் எழுதினேன்.
வென்றவர் கட்டத்தில்
வெற்றிடப் பொத்தானை ஒருமுறை தட்டினேன்.
நட்சத்திரம் மறைந்தது.
வெறுமையைப் பெயரென்று நம்பிவிட்டது.

அவர்கள் படியிறங்கும் சத்தம், இன்னமும் வாதாடியபடி.
அடுத்த தாளை வைத்தேன்.
0418. வார்னிஷ் வாங்கிய சீட்டு.
அதே முடியப்பன், அதே நீல மை, ஒரு சொட்டும் படாமல்.
முப்பத்தெட்டு ரூபாய்.
அவர் மூன்றுக்குத் தலை தட்டை.
எட்டை அவர் கீழிருந்து தொடங்கி மேலே மூடுகிறார்.
0417-க்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.
சொட்டுக்கு வெளியே, மேல்விளிம்பில்
துளியூண்டு மை.

ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.
கேட்டருகே இருவரும்,
கைத்தடியால் மண்ணில் எதையோ வரைந்துகொண்டு.

கூப்பிடவில்லை.
வெளிச்சம் இடமிருந்து வலம் போய்த் திரும்பியது.
நாலு ரூபாய்.
தேடுகிறவர்களுக்கு
இரண்டு தாளும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன.