இடது பூட்ஸ்

முட்டைக்கோஸில் கத்தி இறங்கினால் அது மனிதன்.
தர்பூசணி என்றால் மண்டை.
தீப்பெட்டியை மைக்கருகில் நசுக்கினால்
ஒரு மாடிப்படி முறியும்.
பிட்ஸ்பர்க்கில், நாற்பத்தேழில்,
வியாழன்தோறும் இரவு எட்டரைக்கு
நான் கொன்றவர்கள் அத்தனை பேரும்
ஒன்பது மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு
டிராம் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.

துப்பறிவாளர் ஹால்ஸ்டெட்டுக்குக் குரல் கொடுத்த ஆர்லோ
ஐந்தடி நான்கங்குலம். ஆஸ்துமா.
குற்றவாளியை மடக்கும் வசனத்துக்கு முன்
இருமல் மருந்து ஒரு மூடி குடிப்பான்,
விளம்பரதாரருடையது அல்ல,
வேலை செய்கிற வேறொன்று.

கொலைகாரனின் நடைக்கென்று
ஒரு ஜோடி பூட்ஸ் வைத்திருந்தேன்.
அடகுக்கடையில் நாற்பது சென்ட்.
வலது கால் ஊமை.
இடது மட்டும், குதிகால் எழும்போது,
கதவுக்குப் பின்னால் யாரோ அழுகையை விழுங்குவதுபோல்
ஒரு கிறீச்.
அதற்காகவே எங்கள் எழுத்தாளன்
எல்லாக் கதையிலும் நீண்ட தாழ்வாரம் கட்டினான்.

மார்ச்சில் ஒரு கடிதம், பென்சிலில்.
வீலிங்கிலிருந்து லுட்மிலா ஹ்ரெஸ்கோ:

'ஐயா, கொன்றவன் டாக்டர் என்றீர்கள். தப்பு.
அது என் கணவர் ஆன்ட்ரேயின் சத்தம்.
இடது அடித்தோலுக்குள் தக்காளி டப்பாத் தகரம் வைத்து
நானேதான் தைத்தேன்.
முப்பத்தெட்டில் வேலை தேடிப் போனவர்.
அங்கே இருந்தால், எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள்.'

பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தேன்.
தகரம். அதில் பாதித் தக்காளி,
இன்னும் சிவப்பாக.

அடகுக்கடைக்காரன் பேரேட்டைப் புரட்டினான்.
விற்றவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
ஹால்ஸ்டெட்டாக இருந்தால், இரண்டு விளம்பரம் போக
இருபத்தாறு நிமிடத்தில் முடித்திருப்பார்.
எனக்கு அந்தப் பெருக்கல் குறிக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

அடுத்த வியாழன். பக்கம் பத்தொன்பது:
'காலடிகள் விலகிச் செல்கின்றன.'
தகரத்தைத் திரும்ப வைத்துத் தைத்திருந்தேன்.
என் காலுக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸில்
மைக்கை நோக்கி நடந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கழுத்தை அறுத்துக்காட்டினார்.
நடந்தேன். கிறீச். கிறீச்.
பக்கத்தில் வந்ததும்
வீடு திரும்புகிறவன் செய்வதுபோல்
மிதியடியில் இரண்டு முறை காலைத் துடைத்து
நின்றேன்.

ஆறு விநாடி மௌனம்.
வானொலியில் அது ஓர் ஆள் செத்துப்போகப் போதுமான நேரம்.
'யாரது?' என்றான் ஆர்லோ,
எங்கும் எழுதப்படாத வசனத்தை.
கதவு, மழை, ரயில், இடி எல்லாம் இருந்தன என் மேசையில்.
அந்தக் கேள்விக்கு மட்டும் சத்தம் இல்லை.

ஐந்து டாலர் அபராதம்.
கொலைகாரர்களுக்கு அன்று முதல் ரப்பர் அடி.

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை.
அதே பென்சில்:

'காலைத் துடைத்தீர்களே, அங்கேதான் தெரிந்துபோயிற்று.
ஆன்ட்ரே ஒருநாளும் துடைத்ததில்லை.
பூட்ஸ் அவருடையதுதான்.
உள்ளே இருந்த கால் வேறு.'