புள்ளிக்கோடு

மதியம் பன்னிரண்டே காலுக்கு
அமோய் ஸ்ட்ரீட் உணவங்காடியின் மாடியில்
ஓர் இருக்கையும் காலியில்லை.
ஆளும் இல்லை.
இருக்கைக்கொன்றாக
டிஷ்யூ பொட்டலம் அமர்ந்திருக்கிறது.
மீன் சூப் தட்டோடு நிற்கிறேன்.
கட்டைவிரலில் சூடு ஏறுகிறது.

காலையில் வந்த மின்னஞ்சல்:
வட்டார இயக்கப் பிரிவின் தலைவராகத்
திரு நவநீதன் பொறுப்பேற்கிறார்.
நான் இங்கே சேர்ந்த வருஷம்
திரு நவநீதன் உயர்நிலை மூன்றில் இருந்திருப்பார்.
தணிகைவேலன் சாருக்கு மச்சினன்.

அமைப்பு வரைபடத்தில்
அந்தச் சொல்லுக்குக் கட்டமில்லை.
நேர்க்கோடு, யாருக்கு யார் கீழே.
புள்ளிக்கோடு, இன்னும் யாருக்குக் கொஞ்சம் கீழே.
தாலிக்கு என்ன கோடு போடுவார்கள் என்று
சியூ லிங்கிடம் கேட்டேன்.
தாலி என்றால்? என்றாள்.
மஞ்சள் கயிறு என்றேன்.
"அப்போ ஹைலைட்டர்."

தணிகைவேலன் நல்லவர்.
பிறந்தநாளுக்கு மேசை தேடி வந்து வாழ்த்துவார்.
கூட்டத்தில் எல்லாரையும் பேசவிடுவார், குறித்துக்கொள்வார்,
கடைசியில்
நேற்றே அச்சாகிவிட்ட முடிவை
நம் முடிவு என்பார். கைதட்டுவோம்.
தகுதி ஒன்றுதான் இங்கே அளவுகோல் என்றார் இன்றும்.
தகுதி ஒருதரம்,
தகுதி இரண்டுதரம்,
மூன்றாந்தரம் என்று
நான்தான் மனசுக்குள் ஏலத்தை முடித்துக்கொண்டேன்.

ஆனால் அது பொய்.
நவநீதன் கெட்டிக்காரன்.
பாசிர் பாஞ்சாங்கில்
நாற்பது குளிர்பதனக் கொள்கலன்கள்
மின்சாரமில்லாமல் வியர்த்து நின்ற இரவு
விடியும்வரை கூடவே இருந்தான்.
பட்டியலில் ஒரு பிழை. என்னுடையது.
கண்டுபிடித்தான், திருத்தினான்,
யாரிடமும் சொல்லவில்லை.
என்னிடம்கூட.
பழைய கோப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

மக்காக இருந்திருக்கலாம்.
எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பாவம், அவனுக்கும் தெரியப்போவதில்லை
கதவு, தான் தள்ளியதால் திறந்ததா
தானியங்கிக் கதவா என்று.

கைப்பேசி அதிர்கிறது.
நேற்றிலிருந்து மூன்றாவது முறை, அக்கா.
மகளின் தன்விவரக் குறிப்பு, இரண்டு பக்கம்,
நீலச் சேலையில் ஒரு படம்.
"நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டி."
நல்ல பெண். கணக்கில் புலி.
தகுதி இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது
என்று நான் யாருக்கோ
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்
தட்டோடு நின்றபடி.

தூணோரம் இருவர் எழுந்தார்கள்.
ஓடிப்போய் உட்கார்ந்தேன்.
சியூ லிங் இன்னும் யோங் தாவ் ஃபூ வரிசையில்,
முன்னால் ஒன்பது பேர்.
பையைத் துழாவி
ஒரு பொட்டலத்தை எடுத்து
எதிர் இருக்கையில் வைக்கிறேன்.

கழுத்தில் புது அட்டை தொங்க
தட்டேந்தி வருகிறான் ஒரு பையன்.
இருக்கையைப் பார்க்கிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
பொட்டலத்தின் மேலிருந்த
காப்பீட்டு விளம்பரத்தை முழுக்கப் படித்துவிட்டு
நகர்ந்து போகிறான்.