பூஜ்ஜியத்துக்கு எதிரே

செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்
விசைப்படகுகள் கரைக்குத் திரும்பும்.
ஆபீஸில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.
அவற்றுக்கு யார் சொன்னார்களோ,
நாலரை மணிக்கே ஜெட்டியின் சுவரில்
வரிசையாக, காற்றுக்கு முகம் கொடுத்து.

டோக்கன் எழுதுகிற வேலை எனக்கு.
படகு எண், டிரைவர் பெயர், ஆள் எத்தனை.
தர்மபுரியிலிருந்து மாற்றலாகி வந்த கார்த்திகையில்
கொக்கு என்றேன். சிரித்தார்கள்.
"கடப்புறா சார்" என்றான் நம்புராஜன்.
ஆபீஸ் சுவரொட்டியில் கடற்காகம் என்றிருந்தது.
குளிர்காலத்துக்கு வெளுத்த தலை,
கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்பு,
ரப்பர் ஸ்டாம்ப் பாதி விழுந்தது போல.

தை ஒன்பதாம் தேதி
பதினான்கு பேரைப் பிடித்துப் போனார்கள்.
அதில் ஒருவன் நம்புராஜனின் மச்சான்.
அவன் போன டோக்கனில் இருப்பது என் கையெழுத்து.
மறுநாளிலிருந்து வேலைநிறுத்தம்.
படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன.
ஐஸ் ஆலையில் சத்தமில்லை.
பதிவேட்டில் தேதி போட்டு
எதிரே பூஜ்ஜியம் எழுதினேன்.
அடுத்த நாளும்.

அவை இரண்டு காலை வந்து பார்த்தன.
மூன்றாம் காலை சுவர் காலி.

டீக்கடைக்குப் போனால்
கோழிக்கடைத் தகரத்தின் மேல் பதினேழு.
வேறு வேலையில்லை, எண்ணினேன்.
சைக்கிளை எடுத்துக்கொண்டு மீதியைத் தேடினேன்.
குப்பைமேட்டில் தொண்ணூற்று நான்கு.
டிராக்டர் ஹாரனுக்கு எழும்பி
கொட்டி முடித்ததும் இறங்கின,
முறை தெரிந்தவை போல.
பள்ளி மைதானத்தில் மழைநீர் வற்றாத மூலையில்
ஒரே இடத்தில் நின்று மிதி மிதியென்று மிதித்து
புழுவை மேலே வரவழைத்தன.
வாலிபால் பையன்கள் அதைப் போலவே
ஆடிக் காட்டினார்கள்.
லாட்ஜ் மாடியில், தொட்டி வழியும் இடத்தில்
ஏழெட்டு குளித்துக்கொண்டிருந்தன.

எல்லையில்லாப் பறவை என்று
யாராவது எழுதட்டும்.
சீனி இபுராகிம் கோழிக்கடைக்கு எதிர்க் கம்பம்
ஒன்றுக்கு மட்டும் சொந்தம்.
இடது காலில் விரல் இல்லை,
நைலான் நூல் அறுத்திருக்கும்.
இன்னொன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு
அது கத்திய கத்தலில்
கடைப்பையன் வெட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்தான்.

அமாவாசைக்கு ஊர் கொள்ளவில்லை.
அக்னி தீர்த்தத்தில் ஈரப் புடவையோடு ஓர் அம்மா,
காங்கேயம் பக்கம்,
இலையில் உருண்டையை வைத்துவிட்டு
கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
காகங்களோ விடியலிலிருந்து நூறு இலை தின்று
கம்பியில் கிறங்கிக் கிடந்தன.
வெள்ளையாக ஒன்று சரிந்து வந்து
உருண்டையை முழுசாக எடுத்துப் போயிற்று.

"இது கணக்கா சாமி?"
அடுத்த குடும்பத்துக்கு எள் அளந்துகொண்டே
"அதுவும் காகந்தான், கடல்காகம்" என்றார் புரோகிதர்.
எந்தச் சுவரொட்டியில் பார்த்தாரோ.
அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
"அவருக்குக் கடல்னாலே பயம்" என்றார்,
யாரிடமும் இல்லை.

சாயங்காலம் ஆறுக்கு எல்லாம் கிளம்பிவிடும்,
தெற்கே மணல்திட்டுக்கு.
தின்ன ஊர், தூங்க வேறிடம்.
ஒருநாள் டார்ச்சோடு சுற்றி வந்தேன்,
ஒன்றுகூட இல்லை.
கோழிக்கடைக் கம்பத்தின் கீழே
நம்புராஜன் உட்கார்ந்திருந்தான்.
"என்ன சார் தேடுறீங்க?"
சொல்ல வரவில்லை.
அவனும் பிறகு கேட்கவில்லை.

பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:
பூஜ்ஜியத்துக்கு எதிரே பென்சிலில்
இருநூற்றுப் பன்னிரண்டு, இது என்ன?
எழுத்துப் பிழை என்றேன்.
ரப்பரை என் பக்கம் தள்ளினார்.

படகுகள் போய்வரத் தொடங்கியிருந்தன.
பத்துப் பேர் திரும்பியிருந்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஐந்தோ ஆறோ,
தலை முழுக்கப் பழுப்பேறி,
பயணத்துக்கு உடுத்தியவை போல.
அழித்தபடியே கால்களைப் பார்த்தேன்.
எல்லாவற்றுக்கும் எல்லா விரலும் இருந்தது.