உறையாத புட்டி

மார்கழி பதினெட்டு.
கடையத்தில் ஆறே முக்காலுக்கு இருபது டிகிரி.
'ஆய்வறை' என்று பலகை தொங்கும்
ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை வாசலில்
பொட்டல்புதூர் செய்யது மசூது
மொபெட்டிலிருந்து சாக்கை இறக்கினார்.
பன்னிரண்டு புட்டி.

"மெழுகு கலந்திருக்கியளாம், தெருவே சொல்லுது.
கவுத்துப் பாருங்க, சொட்டு விழல."

உண்மைதான். தேங்காயெண்ணெய்
சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது.

அவருக்கு நான் எதைச் சொல்ல?
ஒரு மூலக்கூறுக்கு மூன்று கால்,
காலுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு கணு,
கோணல் அபூர்வம்.
மூங்கில் கடையில் சாத்திவைத்த கழிகளாய்
ஒன்றின் முதுகோடு ஒன்று படிந்து நிற்கும்.
பசை எதுவும் கிடையாது.
இங்கே எலக்ட்ரான் ஒரு கணம் சாய,
அங்கே இன்னொன்று இசைந்து சாய,
தோன்றி மறையும் ஒரு துளி இழுப்பு.
தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை.
நீளத்துக்கு நீளம் நெருங்கி நின்றாலோ
மலையிறங்கும் இந்த விடிகாலைக் குளிர் போதும்,
கட்டியாகிவிடும்.

நல்லெண்ணெயின் கால்கள் நடுவில் மடங்கியவை.
தென்காசி பஸ்ஸில்
முழங்கையை விரித்து உட்கார்ந்திருப்பவனைப்போல
பக்கத்தில் யாரையும் அண்டவிடாது.
அதனால் மார்கழியிலும் ஓடும்.

இதில் எதையும் சொல்லவில்லை.
"சுத்தமா இருந்தாத்தான் பாய் உறையும்" என்றேன்.
அவர் தண்ணீர் கேட்டார்.

ஊற்றும்போது நினைத்தேன்:
இதுவும் கோணல்தான்.
ஆனால் கோணியதால் ஒரு பக்கம் மிகை, ஒரு பக்கம் குறை.
ஒன்றின் குறை அடுத்ததன் மிகையைப்
பிடித்துக்கொண்டு விடுவதில்லை.
நேராக நின்றிருந்தால்
ராமநதி என்றைக்கோ ஆவி.
சோடாவில் அடைபட்ட கரிவாயு நேர்தான்.
இரு பக்கமும் சமமாக இழுத்து, கையில் ஒன்றும் மிஞ்சாமல்,
கோலி இறங்கியதும்
யாரையும் திரும்பிப் பாராமல் போகிறது.

கோணல் சேர்க்குமா பிரிக்குமா
என்று என்னைக் கேட்டால்
எதன் கோணல் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

அப்போதுதான்
சாக்கின் அடியில் ஒரு புட்டி குலுங்கியது.

எங்கள் சீட்டு. எங்கள் முத்திரை.
தொகுதி நாற்பத்தேழு.
கண்ணாடிபோலத் தெளிவு.

மசூது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இது ஒண்ணுதான் நல்லாருக்கு.
இனி இதயே குடுங்க."

அயோடின் எண் பார்த்தேன்.
காலில் எத்தனை மடிப்பு என்று எண்ணும் கணக்கு அது.
எட்டு ஒன்பதில் நிற்க வேண்டியது
முப்பத்தைந்துக்கு ஏறியிருந்தது.
பாமாயிலின் மடங்கிய கால்கள்
வரிசைக்குள் புகுந்து
யாரும் யாரோடும் நெருங்காதபடி
உட்கார்ந்துவிட்டிருந்தன.

போனில் தளவாய் முதலாளி:
"பிரமு, கேட்டியா,
உறையாததத்தான் ஜனம் நம்புது.
நாப்பத்தேழுக்குக் கையெழுத்தப் போட்டுரு."

மேசை துடைத்த ஸ்பிரிட்
பேனா மூடியைத் திறப்பதற்குள் போய்விட்டது.
பக்கத்தில் சிந்திய தண்ணீர்
இன்னும் குமிழாய்க் கூடி உட்கார்ந்திருந்தது.
ஸ்பிரிட்டுக்கும் பிடிப்பு உண்டு,
தண்ணீர் அளவுக்கு இல்லை.
என்னுடையது எவ்வளவு என்று
இந்த அறையில் கருவி கிடையாது.

நாற்பத்தேழு: தேறவில்லை.
கையெழுத்து, தேதி.
முதலாளி பார்க்கப் பத்து மணி ஆகும்.

மசூது இன்னும் போகவில்லை.
சண்டையை எங்கே விட்டோம் என்று மறந்தவராய்
உறைந்த புட்டி ஒன்றை
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில்
குளிருக்கு இதமாக வைத்திருந்தார்.

அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும்
வெள்ளை விட்டுக்கொடுத்தது.
ஐந்து ஜன்னல்.
உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்தது.

"அட" என்றார்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.